ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிஎல்சி புரோகிராம் எழுத வருவது பற்றி

ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் பிரிவு படித்து, கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நான், இன்று இயந்திரங்களுக்கு பிஎல்சி (இயந்திரத்தை இயக்கிக் கட்டுப்படுத்தும் சிறு தொழிற்சாலைக் கணினி) புரோகிராம் எழுதுகிறேன். பட்டமோ டிப்ளமோவோ என்னிடம் இல்லை. இதே வழியில் வர விரும்பும் தம்பிகள் பலர், கணினி படித்தவர்களுக்கு மட்டுமே உரிய துறை இது என்று எண்ணித் தயங்குவதைப் பார்க்கிறேன். ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காண்டாக்டரும் (மோட்டாருக்கான பெரிய ரிலே) டைமரும் வைத்து ஒரு பேனலை ஒயரிங் செய்து ஓட வைக்கத் தெரிந்தவருக்கு இந்த வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. புதிதாகக் கற்க வேண்டியவை சிலவே. ஆனால் அவை எளியவை என்று நான் சொல்ல மாட்டேன்.

பிஎல்சி உருவான வரலாறே இதற்குச் சான்று. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைக் கழற்றி மறுபடி ஒயரிங் செய்யும் செலவையும் தாமதத்தையும் தவிர்க்க, ரிலேக்களுக்கு மாற்றாக ஒரு கருவி வேண்டுமென்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரமேட்டிக் பிரிவு 1968இல் கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் செய்த மோடிகான் 084 அடுத்த ஆண்டே வந்தது. ஆலையில் இருக்கும் எலக்ட்ரீஷியனே படித்துப் பழுது பார்க்கும்படி, ரிலே சர்க்யூட் படத்தின் வடிவத்திலேயே அதன் மொழியும் அமைக்கப்பட்டது. நாம் லேடர் என்று சொல்வது அதைத்தான். நம்மை மனத்தில் வைத்து ஆக்கிய மொழியைப் பார்த்து நாமே அஞ்சி ஒதுங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் லேடரை முதலில் கண்டது, எங்கள் ஆலையில் கழிவுப்பஞ்சை அழுத்திப் பொதியாக்கும் பேல் பிரஸ்ஸின் பழைய ரிலே பேனலை மாற்றியபோது. வெளியிலிருந்து வந்த புரோகிராமர் அண்ணாவுக்கு உதவியாக என்னை நிறுத்தினார்கள். லேப்டாப் திரையில், நிபந்தனை நிறைவேறிய காண்டாக்டுகள் (சுவிட்ச் முனைக் குறிகள்) வழியாகக் கோடு பச்சையாக ஓடி, நிறைவேறாத காண்டாக்டில் வந்து நின்றது. மல்டிமீட்டரை டெர்மினல் டெர்மினலாக நகர்த்திக் கண்டுபிடிக்கும் ஒன்றை, திரை ஒரே பார்வையில் காட்டியது. சோதனை ஓட்டத்தின் நடுவே பிரஸ் நின்றபோது அவர் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, லேப்டாப்ப அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல இன்புட் லைட்டு எரியுதான்னு பாருங்க" என்றார். எரியவில்லை, கதவு மூடியதை பிஎல்சிக்குச் சொல்லும் லிமிட் ஸ்விட்சின் லிவரில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. அவரும் ஐடிஐ படித்தவர் என்பது அன்று மாலை டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. இன்றும் கமிஷனிங்குக்கு (இயந்திரத்தை முதன்முதலில் ஓட்டிச் சரிபார்ப்பதற்கு) போகும் இடமெல்லாம் நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

கற்கும்போது நம்மவர்கள் முதலில் இடறும் இடம் ஸ்டாப் பட்டன். ஒயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிட வேண்டும் என்பதற்காக அதை என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) காண்டாக்டில் ஒயரிங் செய்கிறோம். அது பிஎல்சிக்கு வரும்போது, பட்டனை அழுத்தாத வரை அந்த இன்புட் 1 ஆகவே இருக்கும். ஆகவே லேடரில் அதற்கு என்ஓ (இயல்பில் திறந்திருக்கும் காண்டாக்டின்) குறியைப் போட வேண்டும். சர்க்யூட் வரைந்து பழகிய கை என்சி குறியைத்தான் போடும். போட்டால் மோட்டார் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. லேடரில் இருக்கும் குறி, அந்த இன்புட் இப்போது 1 ஆக இருக்கிறதா, 0 ஆக இருக்கிறதா என்று கேட்கும் கேள்வி என்பது மனத்தில் பதிந்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

அதைவிடக் கடினமானது ஸ்கேன். ரிலே பேனலில் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் இருக்கிறது. பிஎல்சியோ இன்புட்டுகளை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, புரோகிராமை மேலிருந்து கீழாகக் கணக்கிட்டு, கடைசியில் அவுட்புட்டுகளை எழுதுகிறது. சில மில்லி விநாடிகளில் இது முடிந்து மறுபடி தொடங்குகிறது. எனவே ஒரே காயிலை (அவுட்புட்டைக் காட்டும் குறியை) இரண்டு இடங்களில் எழுதினால் பொதுவாகக் கீழே இருப்பதே வெல்லும்; மேலே எழுதியது திரையில் சரியாகத் தெரிந்தாலும் அவுட்புட் வராது. ஒயரிங் செய்து வளர்ந்த மனத்துக்கு இந்த வரிசைமுறை உடனே பிடிபடாது.

ஆனால் இதே இடத்தில்தான் தொழில் அனுபவத்தின் மதிப்பும் தெரியும். ஒரு மோட்டாரை ஃபார்வர்டிலும் ரிவர்ஸிலும் ஓட்டும் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். லேடரில் இன்டர்லாக் (ஒன்று ஓடும்போது மற்றது வராமல் தடுப்பது) போட்டாயிற்று, போதும் என்று புதிதாக வரும் பொறியாளர் நினைக்கக்கூடும். ஃபார்வர்டு அவுட்புட்டை அணைத்த அடுத்த ஸ்கேனிலேயே பிஎல்சி ரிவர்ஸ் அவுட்புட்டைப் போட்டுவிடும். காண்டாக்டரோ காயில் விட்டு, முனைகள் பிரிந்து, ஆர்க் அணைய அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் இரண்டும் சேர்ந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட்தான். ஒரு காண்டாக்டரின் என்சி துணைமுனையை மற்றதன் காயிலில் ஒயராகவும் போட்டு, புரோகிராமில் சிறு டைமரும் வைக்க வேண்டும் என்பது, ஒட்டிப்போன காண்டாக்டரைக் கழற்றிப் பார்த்தவருக்குச் சொல்லாமலே தெரியும். எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சாதாரண பிஎல்சி புரோகிராமை மட்டும் நம்பி விடக்கூடாது, ஆள் இயந்திரத்துக்குள் இருக்கும்போது எந்த அவுட்புட்டையும் லேப்டாப்பிலிருந்து ஃபோர்ஸ் (புரோகிராமை மீறி வலிந்து இயக்குவது) செய்யக்கூடாது என்பதற்கும் இதே பட்டறிவுதான் துணை.

நமக்கு உண்மையிலேயே புதியது எண்கள். பேல் பிரஸ்ஸின் எண்ணெய் அழுத்தத்தை 250 பார் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சீமென்ஸ் எஸ்7-1200 என்ற பிஎல்சியின் அனலாக் மாட்யூல் அதை 0 முதல் 27648 வரையான எண்ணாக மாற்றும். 12 மில்லி ஆம்பியர் வந்தால் 13824. அதாவது 125 பார். இதைக் கணக்கிட 13824ஐ 250ஆல் பெருக்கப் போனால், 16 பிட் முழு எண்ணின் எல்லையான 32767ஐத் தாண்டிவிடும். முதலில் தசம எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு இதற்குப் போதும்; ஆனால் டேட்டா வகைகளைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஐஇசி 61131-3 என்னும் தரநிலை 1993இல் வெளிவந்தபோதே லேடருடன் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எழுத்து வடிவ மொழியும் அதில் இருந்தது. கணக்கும் ரெசிப்பியும் (பொருளுக்கேற்ற அளவுகளின் தொகுப்பு) வரும் இடங்களில் அதுவே எளிது என்பதால், லேடர் கைவந்ததும் அதையும் தொட்டுவிடுவது நல்லது.

பயிற்சிக்குப் பெரிய பணம் தேவையில்லை. பிஎல்சி புரோகிராம் எழுதும் கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு, பிஎல்சி இல்லாமலே சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கலாம். சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலை 21 நாள் சோதனைப் பதிப்பாகப் பெறலாம். கோர்ஸ் சேர்வதானால், அங்கே உண்மையான சென்சாரும் மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் டிரைவும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேருங்கள். திரையில் மட்டும் விளக்கு எரிய வைக்கும் பயிற்சியில் நமக்குத் தெரியாதது அதிகம் கிடைக்காது. ஆங்கில மேனுவல் பலருக்கும் தடையாகத் தோன்றும். ஒரே மாட்யூலின் மேனுவலை அகராதியோடு முழுதாகப் படித்து முடித்தால், மற்றவற்றிலும் பெரும்பாலும் அதே சொற்கள்தான் திரும்ப வருகின்றன என்பது புரியும்.

வேலை தேடும்போது பட்டம் இல்லாதது உறுத்தத்தான் செய்யும். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் பிஇ அல்லது டிப்ளமோ என்றே கேட்கின்றன. விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். திறமையைப் பார்க்காமலே ஒருவரைத் தள்ளிவிடும் இந்த முறை நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். எனக்குக் கதவு திறந்தது ஒரு சிறிய பேனல் பட்டறையில்; ஆலையில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து, ஒயர் முனைகளுக்கு ஃபெரூல் போட்டுப் பேனல் கட்டி, அதே பேனலுடன் கமிஷனிங்குக்குப் போய், அங்கே சிறு மாற்றங்களைச் செய்யத் தொடங்கித்தான் புரோகிராமுக்குள் வந்தேன். கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ, அரசூர் பக்கம் இயந்திரம் செய்யும் சிறு நிறுவனங்களில், ஒயரிங்கும் புரோகிராமும் தெரிந்த ஒருவருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அங்கே போகும்போது நீங்களே எழுதிய ஒரு புரோகிராமை, ஒவ்வொரு வரிக்கும் குறிப்புடன், ஒயரிங் படமும் ஐஓ (இன்புட், அவுட்புட்) பட்டியலும் சேர்த்து அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சான்றிதழைவிட அதைத்தான் அவர்கள் நேரமெடுத்துப் பார்ப்பார்கள். மேலே படிக்க வசதி இருப்பவர்கள், இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பு இருப்பதை மறந்துவிட வேண்டாம்.