திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்

ஐப்பசியில் நான்கு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் கொடைக்கானல் என்றார்கள். நான் இடைசெவல் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று தங்கை கேட்டாள். ஒரே ஊரில் பிறந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு எழுத்தாளர்களின் ஊர் என்றேன். "அவங்க இப்ப இல்லையேக்கா" என்றாள். வாஸ்தவம்தான். கு.அழகிரிசாமி 1970இல் போய்விட்டார், கி.ராஜநாராயணன் 2021இல். ஆனாலும் எனக்குப் போக வேண்டியிருந்தது.

என் வாசிப்பு மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் தொடங்கியது. ஒரு டேபிள் ஃபேன், நான்கு இரும்பு அலமாரி. எட்டாவது முடித்த கோடை விடுமுறையில், அட்டை போன ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து வந்தேன். அதில்தான் அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இருந்தது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் தெருக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பார். குழந்தைகள் அவர் மேலே விழுந்து பிடுங்கும். ஒரு தடவை அவர்களில் சிலருக்கு மட்டும் டைரி கொடுப்பார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்காது. அவன் அழவும் மாட்டான், சண்டைக்கும் வரமாட்டான். ஒருநாள் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உபசரித்துவிட்டு, தானே வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்வான்.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிய நேரம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. எங்கள் பெரியப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன்களுக்குப் பேனா வாங்கி வருவார். பெண் பிள்ளைகளுக்கு ரிப்பன். நான் ஒருநாளும் பேனா கேட்டதில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார், நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டு வாங்கிவிட்டால் அது வேறு பொருளாகிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வார்த்தைதான் இல்லாமல் இருந்தது. சாரங்கனுக்கும் அது தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு என் ருசி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குதிரைகளும் கோட்டைகளும் வரும் சரித்திர நாவல்களைத் தோழிகள் விழுந்து விழுந்து படித்தார்கள். எனக்கு ஓடவில்லை. சின்ன வீடு, அதற்குள் நாலைந்து பேர், ஒரு சாமான். இது போதும் எனக்கு. கல்லூரியில் 'கதவு' கிடைத்தது, கி.ரா. எழுதியது. ஏழை வீட்டுக் குழந்தைகள் வீட்டுக் கதவையே பஸ்ஸாக வைத்து விளையாடுவார்கள். டிக்கெட் கேட்பார்கள், திருநெல்வேலிக்கு என்று கூச்சல் போடுவார்கள், கதவு முன்னும் பின்னும் ஆடும். தெருவில் கண்டெடுத்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி வைப்பார்கள். தீர்வை பாக்கிக்காக, அதாவது நிலவரி பாக்கிக்காக, சர்க்கார் ஆட்கள் வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டிலும் பழைய கதவு ஒன்று இருந்தது. கதையைப் படித்த அன்று ராத்திரி தாழ்ப்பாள் போடப் போன நான் அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

மதுரையில் காலையில் இறங்கி, கோவில்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தேன். விருதுநகர் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. சாத்தூரில் காராச்சேவுப் பொட்டலம் ஒன்று. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கறுப்புத்தான், நடுநடுவே உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக. நான் வண்டல் மண்ணில் பிறந்தவள். கரிசல் எனக்கு இருபது வருஷமாக அச்சில் மட்டுமே இருந்த சொல். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நனைந்த நிலம் யானை முதுகு மாதிரி தெரிந்தது.

கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் இருக்கிறது, 2022 டிசம்பரில் திறந்தது. சிலை, படங்கள், நூலகம். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்தேன் என்று சொன்னவருக்கு ஒரு கட்டடம். ஏழாம் வகுப்பைத் தாண்டாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கரிசல் பேச்சுக்கு அவர் தொகுத்த சொல்லகராதி இல்லாமல் இன்றைக்கு யாரும் இந்த வட்டாரத்துத் தமிழைப் பற்றிப் பேச முடியாது. அந்த அகராதியின் பழைய பதிப்பு என்னிடம் இருந்தது. இரவல் கேட்ட ஒருவருக்குக் கொடுத்தேன், வரவில்லை. பதினோரு வருஷமாயிற்று. அதன் ஓரங்களில் என் கையெழுத்து இருந்தது, அதுதான் வருத்தம்.

கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, திருநெல்வேலி போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் "இடைசெவல் ஒண்ணு" என்று சொல்லும்போது என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. வீட்டில் அத்தனை வருஷம் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பெயருக்கு ஒருவர் சாதாரணமாக டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்!

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. நான்குவழிச் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. அதை விட்டு ஊருக்குள் கொஞ்சம் நடந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. வேப்பமரங்கள், ஓட்டு வீடுகள், புதுசாகக் கட்டிய மாடி வீடுகள், கட்டிக் கிடக்கும் ஆடுகள். இந்தத் தெருக்களிலிருந்து இரண்டு சாகித்திய அகாதமி விருதுகள். அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு, 'அன்பளிப்பு' தொகுப்புக்காக. கி.ரா.வுக்கு 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக. இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே வயது. சங்கீதப் பித்தும் இரண்டு பேருக்கும் உண்டு. அழகிரிசாமி வேலை தேடிச் சென்னை போனார், மலேயாவுக்குப் போய்த் 'தமிழ் நேச'னில் இருந்தார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார். நண்பன் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து பின்னால் புத்தகமாக்கினார். ஒரு மனிதனுக்கு வந்த கடிதங்களை அவன் இத்தனை காலம் பூச்சியும் மழையும் தொடாமல் காப்பாற்றியிருக்கிறான் என்பதே எனக்கு ஒரு பெரிய கதை.

ஊருக்கு வெளியே ஒரு புஞ்சைக்குள் இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் என் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்திருந்தது. காலைத் தூக்கினால் நிலமும் சேர்ந்து வருகிறது. கையில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தேன். வெண்ணெய் போல இழைகிறது, விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"குச்சியால வழிச்சுப் போடுங்க தாயி. தண்ணி ஊத்துனா இன்னும் பிடிச்சுக்கிடும்."

எந்த ஊர் என்று கேட்டார். மாயவரம் என்றேன். "காவேரித் தண்ணி குடிச்ச பிள்ளை" என்று சிரித்தார். புத்தகம் படித்துவிட்டு வந்தேன் என்றதும், "நைனாவைப் பாக்க வந்தீகளா" என்று கி.ரா.வைச் சொல்லிச் சாதாரணமாகக் கேட்டார். அழகிரிசாமியையும்தான் என்றேன். தலையாட்டினார். கோடையில் இதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிளவு விழும் என்றார்.

டீக்கடையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பால் வாங்க வந்தாள். என் மடியில் இருந்த கி.ரா. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இவர் எழுதுனது எங்களுக்குப் பத்தாவதுல பாடமா இருக்குக்கா, அன்னமய்யா வருவாரே" என்றாள். வழிப்போக்கனுக்குச் சோறு போடும் அன்னமய்யா. பரீட்சைக்குப் படித்தது போல அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போலச் சொன்னாள்.

இத்தனை நாளும் என்னைக் கி.ரா.வின் வாசகி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அப்படி இல்லை என்று தோன்றியது. கி.ரா. என்னை உட்கார வைத்துக் கதை சொல்கிறவர், அவரிடம் எனக்குக் காது மட்டும் இருந்தால் போதும். அழகிரிசாமி என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவர். நான் கேட்காமல் விட்ட பேனாவைப் பற்றி அவருக்குத் தெரியும். இரண்டு பேரில் எனக்கு நெருங்கியவர் அவர்தான்.

பழைய அறுபது பக்க நோட்டு ஒன்றின் பின்பக்கம் வாங்க வேண்டிய புத்தகங்களை எழுதி வைப்பது என் வழக்கம். டீ ஆறுவதற்குள் அதை எடுத்தேன். முதலில் அழகிரிசாமி கடிதங்கள், பழைய பதிப்பே கிடைத்தால் நல்லது. அவர் பதிப்பித்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. கழுகுமலை முருகன் மேல் பாடியது அது. கழுகுமலை இங்கிருந்து எட்டிவிடும் தூரம்தான், சிந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டும். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். நூலகத்தில் எடுத்துப் பாதியில் திருப்பிக் கொடுத்தது, சொந்தமாக வேண்டும். சோ.தர்மனின் 'சூல்', கண்மாயின் கதை. தண்ணீர் வாய்க்காலில் தானாக வந்துவிடும் என்று நினைத்து வளர்ந்த எங்களைப் போன்றவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. அப்புறம் சொல்லகராதி. அதன் பக்கத்தில் 'இரவல் கிடையாது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

நாலரை மணிக்குச் சாலைக்கு வந்து நின்றேன். என் பை கோவில்பட்டி லாட்ஜில் இருந்தது, நான் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். ஆனால் திருநெல்வேலி பஸ் முதலில் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்" என்றேன்.

காய்ந்த கரிசல் என் பாதத்திலிருந்து பஸ்ஸின் தகரத்தில் உதிர்ந்துகொண்டே வந்தது. முன்சீட்டில் ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தானே ஓட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியதும் அவன்தான் முதலில் கத்தினான், திருநெல்வேலி வந்தாச்சு என்று.