அண்ணாச்சி கடைப் பூட்டு

"எவ்வளவு ஆச்சு தம்பி?" சட்டைப் பையில் கைவிட்டார் அல்சூர் பூக்கடை அண்ணாச்சி.

கல்யாண மாலை ஆர்டருக்காக மகள் செய்து கொடுத்த இணையதளம். மேலே ‘நாட் செக்யூர்’ (பாதுகாப்பில்லை) என்று வந்ததில் பாதிப்பேர் பயந்து திரும்பிவிட்டார்களாம். சரிசெய்ய எனக்கு இருபது நிமிட வேலை. மறுபடி திறந்தபோது அந்த எழுத்தைக் காணோம். ஈர விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

காசே வேண்டாம் அண்ணாச்சி.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன் 2010-இல் இந்தியப் பொறியாளர் ஹரி பிரசாத்தோடு சேர்ந்து நம் ஓட்டு இயந்திரத்தின் பலவீனங்களைக் காட்டியவர். அவரும் சிலரும் சேர்ந்து தொடங்கிய ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற சேவை 2015 டிசம்பரில் எல்லாருக்கும் திறந்தது. அந்த எழுத்தைப் போக்க நான் போட்ட பாதுகாப்புச் சான்றிதழ் அங்கே இலவசம்.

உடைத்துக் காட்டியவரே பூட்டும் செய்து தந்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

அண்ணாச்சி விடவில்லை. ஒரு முழம் மல்லியை இலையில் சுற்றிக் கையில் திணித்துவிட்டார்.