மனியில் எரிந்த நூல்கள்

எங்கட கோட்டை வாசல் கல்லில் வெட்டியிருக்கும் இரட்டை மீனையும் தமிழ் எழுத்தையும் தெரியாத ஆட்கள் திருகோணமலையில் குறைவு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள். அதற்கு அறுபது வருடம் முந்தி, மெக்சிக்கோவின் யுகாத்தானிலும் இதுவே நடந்தது. இசமால் என்ற ஊரில், அந்த மண்ணின் பூர்வீக மக்களான மாயரின் பழைய கோயில் மேடையிலேயே, அவர்களுடைய கல்லாலேயே கத்தோலிக்க மடம் எழுந்தது. அதன் பின்னால் நின்றவர் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார்.

கல்லை விடுங்கள். 1562 யூலை 12ஆம் தேதி மனி என்ற ஊரில் அவர் மாயரின் நூல்களைக் குவித்து எரித்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மூதூரில் பரிகாரியாக இருந்த அப்பப்பாவின் வாகட ஏடுகளைச் சரஸ்வதி பூசையில் கும்பத்தடியில் வைத்துக் கும்பிட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். மாயர் எழுதியது அத்திமரப் பட்டையில். சுண்ணாம்பு பூசி, மடித்து மடித்து வைப்பார்கள். இன்று மிஞ்சியவை நான்கே நான்கு. அதிலொன்று ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் இருக்கிறது. வெள்ளியின் உதயமும் மறைவும் 584 நாள் சுற்றாக அதில் கணித்திருக்கிறது. ஐந்து சுற்று போனால், வருடத்துக்கு 365 நாள் என்று சரியாக எட்டு வருடம், 2920 நாள். தொலைநோக்கி இல்லாத காலத்துக் கணக்கு இது!

எரித்த லாந்தாவே மாய எழுத்துக்களைப் பற்றிக் குறிப்பும் எழுதிவைத்தார். ஸ்பானிய எழுத்தின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, மாயர் எழுதிக் கொடுத்தது அசைகளை. அந்தப் பட்டியல் நெடுங்காலம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. 1952இல் சோவியத் அறிஞர் யூரி கினோரசோவ் அதை அசையெழுத்தாக வாசித்தார். மாய நூலில் வான்கோழிப் படத்துக்கு மேலே 'கு', 'ட்சு' என்று இரண்டு குறிகள். கடைசி உயிரை விட்டு வாசித்தால் 'குட்ஸ்', வான்கோழி. நாய்ப் படத்துக்கு மேலே அதே 'ட்சு', கூட ஒரு 'லு', 'ட்சுல்', நாய். உயிர்மெய் எழுதிப் பழகிய எங்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. இந்த இடத்தை வாசித்தபோது எழும்பி நின்றுவிட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பிள்ளைகளின் கட்டுரைகளில் 'மறைந்துபோன மாயர்' என்று எழுதவிடாதீர்கள். குவாத்தமாலாவிலும் யுகாத்தானிலும் பல இலட்சம் மாயர் வாழ்கிறார்கள், சுமார் முப்பது மாய மொழிகளைப் பேசுகிறார்கள். பழைய எழுத்தைத் திரும்பக் கற்று, புதுக் கல்லில் தங்கள் மொழியை வெட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு.