எண்ணூறின் ‘டொக்’ சத்தம்

ஜூன் 7, 2025, சனி

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று இன்று எண்ணாமலே தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் முன்னால் இடது பக்கம் ‘டொக்’. பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. அப்பா 2004இல் வாங்கிய மாருதி 800. “ஏதோ கழண்டு விழப்போவுதுடா” என்று பின் சீட்டிலிருந்து அம்மா.

போன வருஷம் இதே சத்தத்துக்குத்தான் ஒரு பட்டறையில் குலுக்கலை அடக்கும் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன். பத்து மணிக்கு மேல் வேலூர் வெயிலில் ஸ்பேனரைத் தொட முடியாது.

பம்பரை அமுக்கி விட்டேன். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. ஆயில் கசிவும் இல்லை. ஷாக் மேல் குற்றமில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அசைவில்லை, அதனால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட், சக்கரம் சுழலும் பேரிங் இரண்டும் சரி. பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் சரி.

அப்புறம் இடது, வலது பக்கங்களை இணைக்கும் இரும்புத் தண்டான ஸ்டெபிலைசர் பார், சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்முக்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினேன். ‘டொக்’! அதே சத்தம்.

பல கார்களில் அந்த பார் வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. எண்ணூறில் சக்கரம் முன்னே பின்னே நகராமல் பிடித்திருப்பதும் அதுதான். அது நுழையும் இடத்து ரப்பர் புஷ் தேய்ந்து போய்விட்டால் பிரேக் அடிக்கும்போது அந்தச் சக்கரம் கொஞ்சம் பின்னால் போய்விடும். இழுப்பும் அதனால்தான்.

ஜூன் 14, சனி

தோட்டப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். அவரும் நெம்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஷாக்கு நல்லாத்தான் கீது சார். யாரோ சும்மா மாத்திக்கீறாங்க.”

பாரின் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் துருவேறி ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் தின்றது. வெளியே வந்த புஷ்ஷின் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு போல மெலிந்து, நகத்தால் கீறினால் கருந்தூளாக உதிர்ந்தது. லோயர் ஆர்ம் உள்பக்க புஷ்ஷும் வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். எல்லா புஷ்ஷும் சேர்ந்து போன வருஷத்து ஷாக் விலையில் கால்வாசிகூட இல்லை. வயிறு எரிந்தது.

ஆர்ம் போல்ட்டை அந்தரத்தில் வைத்து இறுக்காமல், வண்டியை இறக்கிச் சக்கரத்தில் பாரம் விழுந்த பிறகே முழுசாக முறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். இவரை நம்பலாம்.

ஜூன் 15, ஞாயிறு

வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று, டோ மட்டும், அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை மட்டும், திருத்தினார்கள். பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி வரை போய் வந்தோம். ‘டொக்’ இல்லை, பிரேக்கிலும் நேராக நிற்கிறது. இப்போது டேஷ்போர்டு கிறீச்சிடுவது நன்றாகக் கேட்கிறது. அது இருக்கட்டும். அடுத்த வாரம் புஷ் மாற்றிய இடத்து நட்டுகளை ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.