மறுகாப் பை: நாலு கிடப்புகளின் கணக்கு

கொக்கி ஊசியால் குரோஷே பின்னுகிற ரெண்டு பேர் சந்தித்தால் "எத்தனை கிடக்குது?" என்றுதான் கேட்க வேண்டும். "எது முடிஞ்சுது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு. "மறுகா (பிறகு) முடிப்பம்" என்று சொல்லிச் சொல்லியே, பாதியில் நின்ற வேலைகள் கிடக்கிற பைக்கு எங்களுக்குள் மறுகாப் பை என்று பேர் வந்துவிட்டது. மாரி தொடங்குமுன் பையைக் கொட்டி, எது எந்த இடத்தில் நின்றது என்று பார்த்ததில் எழுதியது இது.

முதலாவது, பிள்ளைப் போர்வை. 12 செ.மீ. சதுரங்கள், அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9, மொத்தம் 63. சதுரமெல்லாம் முடிந்துவிட்டது, போர்வைதான் இல்லை. ஒரு சதுரத்தில் மூன்று நிறம், நிறத்துக்கு ரெண்டு நூல் வால் (தொங்கும் நுனி), ஆக 378 வால். ஒன்றை ஊசியில் கோத்து ஒளிக்க அரை நிமிடம் என்றாலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். பிறகு 110 பொருத்து, 13.2 மீற்றர் தையல். கணக்கு முதலே தெரிந்திருந்தால் பின்னியவர்கள் ஒரு நிறத்தோடு நிறுத்தியிருப்பார்கள். வாலை 15 செ.மீ. விட்டு, அடுத்த சுற்றின் முதல் ஏழெட்டுக் கண்ணிக்குள் (பின்னல் வளையத்துக்குள்) வைத்தே பின்னிக்கொண்டு போனால் இந்த வேலை பாதியாகும். பருத்தி வழுக்கும், ஆகவே மிச்ச வாலை எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை திருப்பி விட வேண்டும். சிக்கனம் பார்த்து 5 செ.மீ. விட்ட வால்கள் ஊசிக் கண்ணுக்கே எட்டவில்லை. (எந்தப் பிள்ளைக்குத் தொடங்கியதோ அது இப்போது முன்பள்ளிக்குப் போகிறது.)

ரெண்டாவது, மேசை விரிப்பு. வந்தது கிண்ணம். பழைய பிரிட்டிஷ் பின்னல் குறிப்பில் 'டபிள்' கண்ணி என்று இருந்ததை, வீடியோவில் பழகிய அமெரிக்க 'டபிள்' என்று பின்னியதால் வந்த வினை. பிரிட்டிஷ் டபிள்தான் அமெரிக்காவில் சிங்கிள். அந்தக் குட்டைக் கண்ணிக்கு 6 இல் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டையாக வரும். அமெரிக்க டபிள் உயரமான கண்ணி, அதற்குச் சுற்றுக்கு 12 வேண்டும். குறைந்தால் ஓரம் மேலே எழும்பும், கூடினால் சீலைக் கொசுவம் மாதிரி அலை விழும். மூன்றாம் சுற்றிலேயே மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பதினோராம் சுற்றில் பார்த்திருக்கிறார்கள். "தேய்த்தால் சரிவரும்" என்பது பின்னுகிறவர்களின் பழைய பொய். அவிழ்த்தாயிற்று.

மூன்றாவதுக்குக் குற்றவாளி மழையும் கடற்காற்றும். வெள்ளை ரேந்தை (லேஸ்), 1.25 மி.மீ. உருக்கு ஊசி கண்ணிக்குள்ளேயே குத்தியபடி ஒரு மாரி முழுக்க அலுமாரியில். மட்டக்களப்புக் கல்லடிப் பக்கத்து உப்புக் காற்றுக்கு இது போதும், ஊசி நின்ற இடத்தில் மண்ணிற வளையம். தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் வைத்து, அலசி, திரும்பவும் ஒருமுறை செய்ததில் முக்கால்வாசி போயிற்று. குளோரின் மட்டும் போடக்கூடாது, துருக்கறையை அது இன்னும் இறுக்கிவிடும். நிறுத்தும்போது ஊசியை உருவிவிட்டுக் கண்ணியைப் பெரிதாக இழுத்துப் பூட்டூசி மாட்டச் சொல்வார்கள். அந்தப் பூட்டூசியும் இரும்புதானே! வேறு நிறத் துண்டு நூலைக் கோத்து முடிவது நல்லது.

நாலாவது, கரடிப் பொம்மை. இடது கால் 16 சுற்று, 7 செ.மீ.; வலது காலும் 16 சுற்று, 6 செ.மீ. கண்ணி எண்ணிக்கை ரெண்டிலும் ஒன்றுதான். பல மாதம் கழித்துத் தொடங்கிய காலில் கை இறுகியிருக்கிறது, ஊசியும் 3.5 மி.மீ. ஆ 3 ஆ என்று எங்கும் எழுதி இல்லை. சோடியாக வருவதை ஒரே கிழமையில், ரெண்டு நூல் உண்டையில், நாலு சுற்று இதில் நாலு சுற்று அதில் என்று மாறி மாறிப் பின்ன வேண்டும். இலவம் பஞ்சு அடைத்தால் கண்ணி இடுக்கால் தும்பு வெளியே வரும், கழுவினால் கட்டிபடும். பொலியெஸ்டர் பஞ்சு பரவாயில்லை. வாயைக் குறுக்கிக்கொண்டு வந்து 12 கண்ணி மிஞ்சும்போதே அடைத்துவிட வேண்டும், 6 இல் விரல் போகாது.

இனி ஒவ்வொரு பையிலும் ஒரு மட்டைத் துண்டு: ஊசி அளவு, எத்தனையாம் சுற்று, நூல் எத்தனை இழை. இழையை எழுதச் சொல்வது மருதமுனைத் தறி நூலுக்காக. அது மெல்லிசு, பல இழை சேர்த்துப் பிடித்தால்தான் குரோஷேக்குக் காணும். ஒரு இழை குறைந்தாலும் அந்த வரிசையிலிருந்து கோடு விழுந்த மாதிரித் தெரியும்.

இன்றைய நிலை: வால் 140 மிச்சம், தையல் இன்னும் தொடங்கவில்லை. ரேந்தை கொடியில் காய்கிறது. கரடியின் வலது காலை அவிழ்த்து 3.5 இல் பின்னியதும் ரெண்டும் 7 செ.மீ. காது ரெண்டும்தான் பாக்கி. அதற்கு எடுத்து வைத்த தறி நூல் உண்டையில் எத்தனை இழை என்று எழுதி இல்லை.