அட்வைஸ் என்ற ஒரு சொல் படுத்திய பாடு

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாரானபோது நான் எழுதிய பயிற்சிக் கட்டுரையில், ஆசிரியை ஒரே சொல்லை ஐந்து இடத்தில் வட்டமிட்டிருந்தார். அட்வைஸ். பெரிய வார்த்தை எதிலாவது தடுக்கி விழுந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இது வீட்டில் தினமும் காதில் விழுகிற சொல்!

வம்பே அங்கேதான். "ஒரு அட்வைஸ் சொல்லுங்க" என்று பழகிய வாய், ஆங்கிலத்திலும் "கிவ் மீ ஆன் அட்வைஸ்" என்கிறது. தமிழில் அறிவுரைகள் உண்டு என்பதால் கை தானாக "அட்வைசஸ்" என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் இது எண்ண முடியாத பெயர்ச்சொல். தண்ணீரை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு தண்ணீர் என்று சொல்வோமா? இரண்டு டம்ளர் தண்ணீர் என்போம். "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்" என்பதில் பீஸ்தான் அந்த டம்ளர். இதைக் கற்ற வாரம் கட்டுரை முழுக்க பீஸ் போட்டு வைத்தேன். பிரியாணி மாதிரி இருக்கிறது என்றார் ஆசிரியை. பெரும்பாலும் "சம் அட்வைஸ்" போதும். வினையும் ஒருமைதான்: "ஹிஸ் அட்வைஸ் வாஸ் யூஸ்ஃபுல்." முன்னால் "மெனி" வராது.

அப்புறம் எழுத்துக்கூட்டல். நாம் "அட்வைஸ் பண்ணினார்" என்று பண்ணுவைச் சேர்த்து வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். ஒலியும் வேறு: முன்னது குளிர்கிற ஐஸ் போல முடியும், பின்னது கண்களைச் சொல்லும் ஐஸ் போல. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், காது ஏமாறாமல் என்ன செய்யும்?

வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன், "எங்க ஆபீஸ்ல டெபிட் அட்வைசஸ் உண்டே" என்று மடக்கினார். சரி, அது கணக்கில் பணம் கழிந்ததைத் தெரிவிக்கும் தாள். தாளை எண்ணலாம். தேர்வுக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை.

தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டாவது கட்டுரைக்கு 250 சொல்லாவது எழுத வேண்டும், அதற்கு 40 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் கட்டுரையின் மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. அதனால் கடைசி மூன்று நிமிடத்தில் நான் கருத்தைத் திருத்துவதில்லை. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் இவற்றை மட்டும் தேடி, முன்னால் எ அல்லது ஆன், வாலில் எஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். தேர்வு நாளன்றுகூட இரண்டு "இன்ஃபர்மேஷன்ஸ்" சிக்கின.