நீர் பற்றிய ஓர் எண்ணை எழுதும்போது

நீர்த்துறைக்குத் தேவையான தரவுகளைத் திரட்டுவதும், தொழில்நுட்ப அறிக்கைகளை எழுதித் திருத்துவதும், அவற்றின் முடிவுகளை ஊர் மக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதும் என் தொழில். பொறியாளர் எழுதித் தருவதைப் பிழை நீக்கிச் செப்பம் செய்து கொடுப்பதுதான் இந்த வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். மொழிச் செப்பம் இதில் ஒரு சிறு பகுதியே. நீர் பற்றிய எந்த எண்ணும் ஓர் இடத்தில், ஒரு நாளில், ஒரு முறைப்படி, ஏதோ ஒரு நிபந்தனையோடு எடுக்கப்படுகிறது. களத்திலிருந்து ஆய்வகத்துக்கும், அங்கிருந்து கோப்புக்கும், கோப்பிலிருந்து துண்டறிக்கைக்கும் அது போகப் போக, இடமும் நாளும் முறையும் நிபந்தனையும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் எண் மட்டும் எஞ்சி நிற்கிறது. அவை உதிராமல் கடைசி வாசகர் வரை கொண்டுசேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் மையம் என்று நான் கருதுகிறேன்.

குடிநீர்ப் பரிசோதனைத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து வரும் தாளில் எவரும் முதலில் தேடுவது ஃபுளோரைடு அளவைத்தான். அப்பகுதிப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு குழந்தைகளின் பற்களில் கறையாகவும், நீண்ட காலம் குடித்தவர்களின் எலும்புகளில் பாதிப்பாகவும் வெளிப்படுவதால்தான், காவிரி நீரை அங்கே கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டது. தாளில் ஒரு கிணற்றின் ஃபுளோரைடு அளவு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அருகே இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஏற்கத்தக்க அளவு 1.0, அனுமதிக்கத்தக்க அளவு 1.5. கடைசிக் கட்டத்தில் 'வரம்புக்குள் உள்ளது' என்று குறிக்கப்படும். அந்தக் குறிப்பு ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகைக்கு வரும்போது 'குடிக்க உகந்தது' என்று மாறிவிடுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், அந்த இரண்டாவது கட்டத்துக்கு வெறுமனே 'அனுமதிக்கத்தக்க அளவு' என்று தலைப்பிடவில்லை. 'மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கத்தக்க அளவு' என்றே தலைப்பிட்டிருக்கிறது. வேறு நீர் கிடைக்காத ஊருக்காக அளிக்கப்பட்ட தளர்வு அது. அதே ஊரின் தெருவில் ஒகேனக்கல் குழாய் வந்துவிட்டது என்றால் அங்கே மாற்று ஆதாரம் இருக்கிறது, ஆகவே 1.5 என்ற தளர்வை அந்த ஊருக்கு எடுத்தாள்வதற்கு நியாயம் இல்லை, 1.3 என்பது அங்கே ஏற்கத்தக்க அளவைத் தாண்டிய எண். தாளின் கட்டம் குறுகலாக இருந்ததால் தலைப்பின் முதல் நான்கு சொற்கள் விடுபட்டுப்போகின்றன. அதன் பிறகு அந்தத் தாளை எத்தனை பேர் நேர்மையாகப் படியெடுத்தாலும் தவறான முடிவே கைமாறுகிறது. மொத்தக் கரைபொருளுக்கு 500, 2,000 என்று இரண்டு எண்கள் இருப்பதும் இதே நிபந்தனையின் பேரில்தான். நைட்ரேட்டுக்கு அப்படி எந்தத் தளர்வும் கிடையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதே அதற்கு முதலும் முடிவுமான எல்லை.

இத்தகைய தாளை ஊருக்காக எழுத நேரும்போது, எண்ணை விளக்குவதற்கு முன்பாக, என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுவது என் வழக்கம். 'இந்தக் கிணற்று நீரைக் குளிக்கவும் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவிரிக் குழாய் நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு நீங்காது; நீர் சுண்டுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.' மூன்றாவது வாக்கியம் மிகவும் தேவையானது. காய்ச்சிக் குடியுங்கள் என்று பல காலமாக மக்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. அந்த அறிவுரையை நம்பி நடக்கும் ஒரு தாய், ஃபுளோரைடு உள்ள நீரையும் காய்ச்சிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். அவருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்வதற்கு முன், அவர் ஏற்கெனவே அறிந்தது எந்த இடத்தில் பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மேட்டூர் அணைச் செய்திகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. நாளிதழ்கள் நீர்மட்டத்தை அடியில் தருகின்றன. முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நீர்மட்டம் 60 அடி என்று படிக்கும் வாசகர் அணை பாதி நிறைந்திருப்பதாகக் கொள்வது இயல்பு. ஆனால் அணையின் நீர்ப்பரப்பு மேலே செல்லச் செல்ல விரிகிறது. அதனால் 60 அடியில் இருக்கும் நீர் முழுக் கொள்ளளவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மட்டத்தோடு இருப்பையும் சேர்த்துச் சொன்னால் இந்த மயக்கம் வராது. வரத்தையும் திறப்பையும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்லும்போது, விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டிஎம்சி ஆகும் என்ற ஒரே கணக்கைச் செய்தியின் ஓரத்தில் போட்டுவிட்டால், இருக்கிற நீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதை டெல்டா விவசாயி தாமாகவே கணித்துக்கொள்வார். அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். அதற்கான அலகுகளைக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

நிலத்தடி நீர் மதிப்பீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மதிப்பீட்டின் அலகாக நீண்ட காலம் இருந்தது பல கிராமங்கள் அடங்கிய குறுவட்டம், அதாவது ஃபிர்கா. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுக்கப்பட்டால் பாதுகாப்பானது, 100 விழுக்காட்டைத் தாண்டினால் அதிகமாக உறிஞ்சப்பட்டது என்று வகைப்படுத்தப்படுகிறது. இடையில் 90 விழுக்காட்டை எல்லையாகக் கொண்டு இரண்டு வகைகள் உண்டு. இது வரவு செலவுக் கணக்கு. 'பாதுகாப்பானது' என்ற சொல்லுக்கு அந்த நீர் குடிக்கப் பாதுகாப்பானது என்றோ, அங்கே கிணறு வெட்டினால் நீர் கிடைக்கும் என்றோ பொருள் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம் என்பதால், ஒரு வயலில் நீர் நிற்கும். அடுத்த வயலில் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் வரும். அத்தகைய ஓர் அலகு முழுமைக்குமான சராசரியை ஒரு விவசாயியின் கிணற்றுக்குப் பதிலாக எழுதுவது, கடன் வாங்கி போர் போடப்போகும் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு. நீர்மட்ட அளவீடு மே மாதத்தில் எடுத்ததா, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் எடுத்ததா என்பதைக் குறிப்பிடாத வரைபடத்தை நான் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வெள்ள அறிவிப்புகள்தான். 2015 டிசம்பர் 1 அன்று, சென்னைப் பெருவெள்ளத்தின்போது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்தத் திறப்பைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியை இயக்கிய முறை பற்றிய விவாதம் நீண்ட காலம் நடந்தது. அதில் நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவருக்கு 29,000 கன அடி என்ற எண் எதைத் தெரிவிக்கும்? விநாடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் என்று மாற்றிச் சொன்னாலும் அவர் வீட்டுப் படியில் எத்தனை அடி நீர் ஏறும் என்பது அதிலிருந்து தெரியாது. அது மட்டுமன்று, மதகில் திறக்கப்படும் அளவும் ஆற்றில் ஓடும் அளவும் ஒன்றல்ல. அடையாறு ஆதனூர்ப் பக்கம் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் பல ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகே வந்துதான் அதில் சேர்கிறது. மதகை முழுவதும் அடைத்துவிட்டாலும், பெருமழை நாளில் அடையாறு தன் சொந்த நீர்ப்பிடிப்பாலேயே பெருகக்கூடும். 'ஏரியில் திறப்பு குறைந்துவிட்டது' என்ற செய்தியைக் கேட்டு வீடு திரும்புகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடியும் அறிவிப்பில், எச்சரிக்கையாக இருப்பது என்றால் என்ன செய்வது என்பது இல்லை. எந்தக் கரை, எந்தத் தெருக்கள், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், எந்தப் பாலம் திறந்திருக்கும், எந்தப் பள்ளியில் தங்கலாம், மாடியில் இருப்பவர்களும் கிளம்ப வேண்டுமா, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு யாரை அழைப்பது என்ற விவரங்கள்தான் அறிவிப்பின் உடல். கன அடி அதன் அடிக்குறிப்பு. இவற்றை வெள்ளம் வரும் இரவில் யாராலும் எழுத முடியாது. ஆகவே அக்டோபரில் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, ஆற்றின் ஓட்டம் இவ்வளவாக இருந்தால் இந்தத் தெருக்கள், அதற்கு மேல் போனால் இந்தத் தெருக்கள் என்று நீரியல் வல்லுநரோடு அமர்ந்து படிப்படியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு தேதியையும் நேரத்தையும் நிரப்பினால் போதும் என்ற நிலைக்கு அந்தத் தாள்கள் தயாராக இருக்க வேண்டும். இதைத் தொழில்நுட்ப எழுத்தின் தலையாய பணி என்று நான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு வரும் வேலைகளில் இதைக் கேட்டு வருபவை மிகச் சில.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் மொழியின் பொறுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைக்க வேண்டும். அந்தச் சுருக்கம் ஏ4 அளவில் 10 பக்கங்களுக்கு மேற்படக் கூடாது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கங்கள் இருக்க, கூட்டத்துக்கு வரும் ஏரிப் பாசன விவசாயிக்குத் தமிழில் கிடைப்பது அந்த 10 பக்கங்கள் மட்டுமே. அவற்றை எல்லா வேலையும் முடிந்த பிறகு அவசரமாக மொழிபெயர்க்கத் தருவதே நடைமுறையாக இருக்கிறது. நான் வற்புறுத்துவது இதற்கு நேர்மாறானது: தமிழ்ச் சுருக்கத்தை அறிக்கைக் குழு முதலில் எழுதட்டும். வரத்துக்கால் எங்கே மறிக்கப்படும், கலிங்கு வழியே வழியும் நீர் எந்தப் பக்கம் திருப்பப்படும், எந்த மடையின் கீழுள்ள நிலம் வறண்டுபோகும் என்பதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான், அந்த விவரங்கள் ஆய்வில் திரட்டப்படவே இல்லை என்பது பல வேளைகளில் தெரியவருகிறது. அப்போது தெரிந்தால் மறுபடியும் களத்துக்குப் போக நேரம் இருக்கும்.

ஆகவே ஒரு வேலையை ஏற்கும்போது சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இறுதி அட்டவணையோடு, மூலப் பதிவேட்டின் படியும் வேண்டும். அணையில் லஸ்கர் (மதகுப் பணியாளர்) எழுதிய அளவுக் குறிப்பில் 'மழை, படிக்க முடியவில்லை' என்று இருந்த நாள், அட்டவணையில் ஏறும்போது பூஜ்ஜியமாக மாறியிருக்கக் கூடும். நீர் மாதிரி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேராக எடுக்கப்பட்டதா, பிளீச்சிங் பவுடர் போட்ட மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டதா என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். தரவு எதைச் சொல்லவில்லை என்பதற்கு அறிக்கையின் முன்பகுதியிலேயே ஒரு பக்கம் வேண்டும், பின்னிணைப்பில் அன்று.

வீடுதோறும் குழாய்நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், மக்களுக்குத் தகவல் தருவதை உள்ளடக்கிய ஆதரவுப் பணிகளுக்கு 5 விழுக்காடு வரையும், நீர்த் தரக் கண்காணிப்புக்கு 2 விழுக்காடு வரையும் நிதி ஒதுக்க இடம் இருக்கிறது. எனவே தகவல் தொடர்புக்குப் பணம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அந்தப் பணத்தின் ஒரு பகுதி, ஊருக்காக எழுதிய தாளை அச்சுக்கு முன் ஊரிலேயே வாசித்துக் காட்டுவதற்குச் செலவாக வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் ஒரு வரைவை வாசித்துக் காட்டினால், 'குழாயில் கலங்கல் வந்தால் உடனே தெரிவிக்கவும்' என்ற வரியில் நிறுத்தி, யாருக்கு, எந்த எண்ணுக்கு, இரவில் வந்தால் எந்த வால்வை நான் மூடலாம், அதற்கு எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு விடை உதவிப் பொறியாளரிடம் இருக்கிறது. அவரிடமிருந்து வாங்கி, தாளில் எழுதி, மறுபடியும் வாசித்துக் காட்டியாக வேண்டும். இதற்கான நாள்களை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, செலவை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டிவிடுகிறேன். அந்த வரியை நீக்கச் சொல்பவர்களின் வேலையை ஏற்பதில்லை.